தொப்புள்கொடியை அறுத்த கை: தாயிகளும் அரசும்

வட இந்தியக் கிராமங்களில் வீட்டுப் பேற்றுக்கான ஏற்பாடுகள் மாமியாரின் பொறுப்பில் இருந்தன. 'தாயி' என்றழைக்கப்பட்ட மருத்துவச்சி பெரும்பாலும் வலி கண்ட பின்னரே வரவழைக்கப்பட்டாள். கருவுற்ற காலத்துக் கவனிப்பு அவள் பணியன்று. தொப்புள்கொடியை அறுப்பது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது, குருதி படிந்த துணிகளை அகற்றுவது ஆகியவையே அவளுக்கென விதிக்கப்பட்டவை. இவை தீட்டெனக் கருதப்பட்டமையால் தலித் பெண்களிடமும் ஏழை முஸ்லிம் பெண்களிடமுமே பெரிதும் விடப்பட்டன. கூலி தானியமாகவோ துணியாகவோ பணமாகவோ கிடைத்தது. ஆண்மகவு பிறந்தால் சற்றுக் கூடியது. பிஜ்னோர் மாவட்டக் கள ஆய்வை முன்வைத்துப் பாட்ரிசியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி, ஆண்ட்ரூ லயன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட நூல் இந்நிலையை விரிவாகக் காட்டுகிறது. மரபறிவின் காவலர் எனத் தாயியைப் போற்றுவோர் இதனைக் கடந்து செல்ல இயலாது.

காலனிய மருத்துவம் அவளை வேறுவகையில் கண்டது. 1885இல் டஃபரின் சீமாட்டியின் பெயரிலான நிதியம் பெண் மருத்துவர்களை உருவாக்க முனைந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியம் தாயிகளுக்குப் பயிற்சியளிக்க முற்பட்டது. அக்கால மருத்துவர்களின் அறிக்கைகளில் தாயி அழுக்கின், அறியாமையின் உருவாகவே தோன்றுகிறாள். தொற்றும் மரணமும் உண்மையே. ஆனால் பேற்றறையைத் தீட்டறையாக்கிய குடும்பமும், அத்தொழிலை இழிதொழிலாக்கிய சாதியும் அதே அளவு கண்டனத்திற்கு உள்ளாகவில்லை. கைகழுவக் கற்பித்தவர்களால் அக்கைக்குரிய மதிப்பையோ ஊதியத்தையோ மாற்ற இயலவில்லை.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வணுகுமுறை நீடித்தது. போதிய செவிலியர் உருவாகும்வரை தாயிகளைப் பயிற்றுவித்துப் பயன்படுத்தலாம் என்றது 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை. அந்த இடைக்கால ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீண்டது. 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா யோஜனா, மருத்துவமனைப் பேற்றுக்கு ஊக்கத்தொகை வழங்கியது. கர்ப்பிணியை அழைத்துச் செல்லும் பணி ஆஷா பணியாளருக்கு உரியதாயிற்று. 2005-06இல் சுமார் 39 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பேறு, 2019-21இல் சுமார் 89 விழுக்காடானது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2004-06இல் 254 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 97 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குக் காரணங்கள் பல; எனினும் இதனைச் சிறுமைப்படுத்த இயலாது.

2018இல் நடுவணரசு மருத்துவச்சிச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி, தகுதி பெற்ற செவிலியர் 18 மாதப் பயிற்சிக்குப் பின் மருத்துவச்சியராகலாம். தொழில் மதிப்புப் பெற்றுத் திரும்புகிறது. ஆனால் எழுத்தறிவற்ற தாயிக்கு அதில் இடமில்லை. தீட்டைச் சுமந்தவரை விலக்கிவிட்டுத் தொழிலை மட்டும் தூய்மையாக்குவதைச் சீர்திருத்தம் என்பதா, இடப்பெயர்ச்சி என்பதா? இந்தியப் பொதுச் சுகாதார வரலாறு இவ்வினாவை இனியேனும் எழுப்பியாக வேண்டும்.