இரண்டு பழைய காகிதங்கள்

என்னைப் பழைமைவாதி என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் கோபம் இல்லை. அப்பன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்புத் தண்ணீரைக் குடிக்கிற ரகத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். ஆனால் நல்ல தண்ணீர் ஊறுகிற கிணற்றைப் பழசு என்ற ஒரே குற்றத்துக்காகத் தூர்த்துவிட்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்கிற புதுமையும் எனக்குப் பிடிக்காது. முன்னோர் கொடுத்த வாக்கைப் பின்னோர் காப்பாற்ற வேண்டும்; என் பழைமைவாதம் அவ்வளவுதான். அந்தச் சின்னக் கொள்கையைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சென்ற மார்கழியில் படாளத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

செங்கற்பட்டைத் தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் படாளம். திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு கூட்டு ரோடு, ஒரு ரயில் நிலையம், சர்க்கரை ஆலை, கரும்பு ஏற்றிய வண்டிகள். மேற்கே திரும்புகிறவர்கள் பெரும்பாலும் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள். நான் போனது அதற்காக அல்ல. பாட்டனார் வாங்கிப் போட்டிருந்த ஒன்றேகால் ஏக்கரை விற்றுவிடலாம் என்று சித்தப்பா ஏற்பாடு செய்திருந்தார். என் கையெழுத்து வேண்டியிருந்தது.

டீக்கடையில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். என் பாட்டனாரை அறிந்தவர்.

"அந்தக் காலத்து மனுஷன் வாயாலே சொன்னா அது பத்திரம், தம்பி. இப்போ பத்திரத்திலே எழுதினாலும் அது காத்து. வேடந்தாங்கல் சனங்களைப் பாரு. வெள்ளைக்காரன் காலத்திலே வாங்கின காகிதத்தை இன்னிக்கும் காப்பாத்தறான். தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்க மாட்டான்."

"அந்தக் காகிதத்தைப் பற்றி எனக்கும் தெரியும், ஐயா" என்றேன்.

உண்மையில் அது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப் படை இந்தச் சீமையைச் சூறையாடியது. குடிகள் ஓடினார்கள், ஏரிகள் உடைந்து கிடந்தன. அந்த நிலையில் 1794-இல் கலெக்டராக வந்து சேர்ந்தவர் லயோனல் பிளேஸ் துரை. அப்போது வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடிக்கையாகச் சுட்டு வந்தார்கள். ஊர் ஜனங்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அவர்கள் ஜீவகாருண்யம் மட்டும் பேசவில்லை, கணக்கும் பேசினார்கள். கடப்ப மரங்களில் கூடு கட்டும் நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் ஏரியில் எச்சம் இடுகின்றன. அந்தத் தண்ணீர் பாய்ந்த கழனிக்குத் தனியாக எரு வேண்டாம். பறவை போனால் விளைச்சல் போகும். விளைச்சல் போனால் கும்பினியாரின் வரி போகும். பிளேஸ் துரைக்கு இது புரிந்தது. 1798-இல், பறவைகளை யாரும் துன்புறுத்தக் கூடாது என்று ஊராருக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1858-இல், ஊரார் மறுபடியும் அப்போதைய கலெக்டரிடம் போய் அதைப் புதுப்பித்துக் கொண்டார்கள்.

சர்க்கார் காகிதத்தைக் கண்டு ஜனங்கள் பயப்படுவதுதான் நம் நாட்டு வழக்கம். ஜனங்கள் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு சர்க்காருக்கு அதன் வாக்கை நினைவூட்டிக்கொண்டே இருந்த கதை இது. எனக்கு இது பிடித்திருப்பதில் ஆச்சரியம் உண்டா?

ஐரோப்பாவில் பழைமைவாதத்துக்குத் தந்தை என்று எட்மண்ட் பர்க்கைச் சொல்லுகிறார்கள். 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதியவர் அவர். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1785 பிப்ரவரியில், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி லண்டன் பார்லிமெண்டில் அவர் நீண்ட பிரசங்கம் செய்தார். இந்த மண்ணை ஒரு நாளும் மிதித்தவர் அல்ல. ஆனால் கர்நாடகத்து ஏரிகளைப் பற்றி அவர் பேசியதைப் படித்தால், ஏரிக் கரையில் பிறந்தவர் என்றே தோன்றும். பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருப்பதாகச் சொல்லி, அவற்றை வெட்டியவர்களே மெய்யான அரசர்கள், இன்னும் பிறக்காத தலைமுறைக்கும் சொத்து எழுதி வைத்துப் போனவர்கள் என்ற கருத்துப்பட வாதாடினார். பழைமையைப் போற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

மதுராந்தகத்திலும் பிளேஸ் துரை பெயர் வாழ்கிறது. அந்தப் பெரிய ஏரி உடையும் தறுவாயில், மழை கொட்டும் இரவில், வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பதை அவர் கண்டாராம். ராம லக்ஷ்மணர்கள் என்று விழுந்து வணங்கினாராம். ஜனகவல்லித் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். அங்கே அவர் பெயர் கல்லில் இருக்கிறது. பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்தது இப்படித்தான் என்பார்கள்.

ஆனால் சரித்திரம் கோயில் கல்வெட்டோடு முடிவதில்லை. இதே பிளேஸ் துரை, தாம் விதித்த தீர்வைக்கு இணங்காத பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்களின் உரிமையைப் பிடுங்கி வேறு ஆட்களிடம் கொடுத்தார். மிராசுதார்கள் சளைக்கவில்லை. தங்கள் உரிமை தொன்றுதொட்டு வந்தது என்று வாதாடிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் எல்லிஸ் துரை மிராசு உரிமையைப் பற்றி ஆராய்ந்து எழுதியது 1818-இல் அச்சாயிற்று. பழைய உரிமை மதிக்கப்பட வேண்டும் என்ற வாதம் செங்கற்பட்டு ஜில்லாவில் வேரூன்றியது.

அந்த வேரின் அடியில் நசுங்கிக் கிடந்தவர்கள் யார்? அதைச் சொல்ல இன்னொரு கலெக்டர் வரவேண்டியிருந்தது.

1891-இல் இந்த ஜில்லாவில் தற்காலிகக் கலெக்டராக இருந்தவர் டிரெமென்ஹீர். செங்கற்பட்டுப் பறையர்களின் நிலைமையைப் பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். கழனியில் பாடுபடுகிறவனுக்குக் கழனி இல்லை. குடிசை போட்ட மனைகூட மிராசுதார்களுடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். கடன் பட்டவன் பரம்பரைப் படியாள் ஆகிறான். தரிசு நிலத்துக்கு அவன் தர்காஸ்து போட்டால், மிராசுதாருக்கே முதல் பாத்தியதை என்று விதி குறுக்கே நிற்கிறது. ஆக, தொன்றுதொட்டு வந்த உரிமை என்ற அதே நியாயந்தான் இவனைத் தொன்றுதொட்டுத் தரையில் அழுத்தி வைத்திருந்தது!

வருவாய் வாரியத்துக்கு இந்த அறிக்கை ருசிக்கவில்லை. ஆனால் விஷயம் அடங்கவில்லை. மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891-இல் பறையர் மகாஜன சபையை ஏற்படுத்தினார். 1893-இல் 'பறையன்' என்றே பெயரிட்டுப் பத்திரிகை தொடங்கினார். பிற்பாடு லண்டன் வட்ட மேஜை மகாநாட்டில் அம்பேத்கருடன் உட்கார்ந்தவர் இவர்தான்.

1892 செப்டம்பர் 30-ஆம் தேதி சென்னை சர்க்கார் உத்தரவு போட்டது. தரிசு நிலங்கள் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பழைய மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டது என்பார்கள்.

ஏழைக்குக் கொடுத்த நிலம் ஏழையிடம் தங்குமா? கல்யாணக் கடன், காய்ச்சல் கடன், மழை பொய்த்த வருஷத்து நெல் கடன். காகிதத்தில் நிபந்தனை இருந்தது. களத்து மேட்டில் இல்லை. நிலம் கை மாறிற்று.

1990-களில் இந்தச் சீமையிலேயே அந்தக் கேள்வி வெடித்தது. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில், பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டு ஜனங்கள் இறங்கினார்கள். அங்கே அவர்கள் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கற்பட்டில் திரண்டு கேட்டபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

வேடந்தாங்கல் ஜனங்கள் ஒரு கலெக்டரின் காகிதத்தைக் காட்டி, துப்பாக்கியிலிருந்து பறவைகளைக் காப்பாற்றினார்கள். காரணை ஜனங்கள் சர்க்காரின் காகிதத்தைக் காட்டினார்கள். துப்பாக்கி அவர்கள் மீதே திரும்பியது. இரண்டும் ஒரே ஜில்லா. இரண்டும் நூற்றாண்டுப் பழைமை உள்ள வாக்குகள்.

இங்கேதான் நம்முடைய இன்றைய வாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். கோயில், ஏரி, பழைய பழக்கம் என்றால் உருகுகிற என் போன்றவர்கள், பஞ்சமி நிலம் என்றதும் திடீரென்று புதுமைவாதிகளாகி விடுகிறோம். 'அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் காகிதம், சார். காலம் மாறிவிட்டது. நடைமுறையைப் பார்க்க வேண்டும்' என்கிறோம். 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையை ஏரியிலிருந்து ஐந்து கிலோ மீட்டரிலிருந்து மூன்றாகக் குறைக்க யோசனை வந்தபோதும் இதே குரலைக் கேட்டோம். ஏரி எழுபத்து நாலு ஏக்கர்தானே, அதற்கு ஐந்து கிலோ மீட்டர் எதற்கு, தொழிற்சாலை வேண்டாமா என்றார்கள். இரை தேடும் பறவை ஏரிக் கரையோடு நின்றுவிடுமா? சுற்றிலும் உள்ள கழனியும் தாங்கலும் சேர்ந்ததுதான் அதன் வீடு. அப்போது நான் கோபத்தோடு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். கொடுத்த வாக்கை ஓரத்திலிருந்து நறுக்குவது நடுவிலிருந்து கிழிப்பதற்குச் சமம் என்று எழுதினேன். 2022-இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் இடம் பெற்றபோது மெத்த மகிழ்ந்தேன்.

அந்தக் கடிதத்தை எழுதிய கைதான் படாளத்தில் பத்திரக் கட்டைப் பிரித்தது.

பாட்டனார் நிலத்தின் பழைய அ-பதிவேட்டு நகலும் கட்டில் இருந்தது. சர்வே எண்ணுக்கு நேராக இரண்டே எழுத்துகள்: 'டி.சி.' தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கியது என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் பக்கத்தில் ஒரு பெயர். எங்கள் ஜாதிப் பெயர் அல்ல.

சித்தப்பாவிடம் காட்டினேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஊரிலே பாதிப் பேர் வெச்சிருக்கான். உன் பாட்டன் திருடலே, பணம் கொடுத்துத்தான் வாங்கினார். அறுபது வருஷமா நாம உழுதிருக்கோம். நீ மட்டும் அரிச்சந்திரனா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணம் கொடுத்தது உண்மை. உழுதது உண்மை. நெடுநாள் அனுபவம் என்பதும் ஒரு பழைமைதான். பஞ்சமி நிலத்தை வாங்கியவர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நான் இன்றும் சேர முடியாது. ஆனால் பாட்டனார் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் அல்ல. விற்கக் கூடாத நிலம் என்பதால்தான் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வாயால் சொன்னாலே பத்திரம் என்று பெரியவர் புகழ்ந்தாரே, அந்தக் காலத்து மனிதர்தான் அவர்.

பழைமை என்பது ஒரே வீட்டுச் சொத்து அல்ல. மிராசுதாரின் செப்பேடும் பழைமை. கோழியாளத்துக்காரர் கிளப்பிய கேள்வியும் பழைமை. இவற்றில் நமக்கு லாபமானதை மட்டும் பொறுக்கி எடுத்துப் பாரம்பரியம் என்று பெயர் வைத்தால், அது பழைமைவாதம் அல்ல. வெறும் சொத்து ஆசை. பர்க் போற்றிய அரசர்கள் பிறக்காத பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார்கள். நாமோ பிறந்து, காகிதத்தோடு வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறோம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. விற்பனை நின்றது. சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. இதைப் பெரிய தியாகம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நிலம் இன்னும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் கண்ட பெயருக்கு உரிய பேரப் பிள்ளைகள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்களாம். டீக்கடைப் பெரியவரே வீட்டை அடையாளம் சொன்னார். சொல்லிவிட்டு, "எதுக்குக் கேக்கறே, தம்பி?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. பறவை பார்க்க வண்டி ஏறிவிட்டேன்.

அன்று மாலை கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக ஏரிக்குத் திரும்பி வந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காக்கப்பட்ட ஒரு வாக்கு அங்கே சிறகடித்துக்கொண்டிருந்தது. என்னால்தான் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடுத்த முறை படாளத்தில் இறங்கினால், முதலில் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும்.