கூந்தலும் அதிகாரமும்

சமுதாய வரலாற்றை மன்னர்களின் போர்களிலும் பாராளுமன்றங்களின் சட்டங்களிலும் தேடிப் பழகிய நமக்கு, பெண்களின் கூந்தற் பின்னலில் அதனைத் தேடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களைப் பொறுத்தவரை, தலைமயிரை எவ்வாறு வாருவது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிறரின் கட்டளைக்கு உட்பட்ட விடயமாகவே இருந்து வந்துள்ளது. இன்று ‘மைக்ரோ பிறேட்ஸ்’ என வழங்கும் நுண்பின்னலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

நுண்பின்னல் மிகுந்த உழைப்பை வேண்டுவது. தலைமயிரைச் சில மில்லிமீற்றர் தடிப்பான சிறு கற்றைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றோடும் செயற்கை இழையையோ வேறொருவரின் மயிரையோ சேர்த்து, முப்புரியாகப் பின்னுவர். ஒரு தலையிற் பல நூறு பின்னல்கள் அமையும். பின்னுபவர் ஒருவரேயாயின் காலையில் தொடங்கிய வேலை இரவுவரை நீளும். பின்னி முடிந்ததும் பணி ஓய்ந்துவிடுவதில்லை. நீர் கலந்த சம்பூவினால் தலைத்தோலை மெல்லக் கழுவி, சிறிது எண்ணெய் தடவி, இரவில் பட்டுத்துணியாற் கட்டிப் பேணவேண்டும். இரண்டு மாதமளவிற் பொறுமையாக அவிழ்த்து, மறுமுறை பின்னுமுன் தலைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். இறுகப் பின்னினாலோ நெடுநாள் விட்டுவைத்தாலோ வேர் இழுபட்டு நெற்றியோரத்து மயிர் உதிரும். நாளடைவில் மீண்டும் முளையாமலும் போகலாம். இவ்வறிவைப் பெண்கள் பெரும்பாலும் ஏட்டிலிருந்து அன்றி, தாயின் முழங்காலருகே அமர்ந்தே பெற்றுக்கொண்டனர்.

இக்கலையின் தாயகம் ஆபிரிக்கா. யொருபா, ஃபுலானி, மெண்டே முதலிய மக்களிடையே பின்னலின் அமைப்பு, அணிந்தவளின் வயதையும் குலத்தையும் தகுதியையும் கூறவல்லதாயிருந்தது. அம்மக்களை விலங்கிட்டுக் கப்பலேற்றிய அடிமை வணிகர் அவர்களின் தலையை மழித்தனர். சுகாதாரம் என்பது சொல்லப்பட்ட காரணம். விளைவோ, இன்னார் இன்ன குலத்தவர் எனக் காட்டிய அடையாளம் அழிந்தமையாகும். பெருந்தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை கிடைத்த சிறு ஓய்விலேயே அடிமைப் பெண்கள் ஒருவர் தலையை மற்றவர் வாரிப் பின்னினர். கொலம்பியாவில், தப்பியோடிய அடிமைகள் அமைத்த சன் பசிலியோ தெ பலெங்கே என்னும் ஊரில், தப்பிச் செல்லும் வழிகளைப் பின்னலின் வரிகளிற் குறித்துவைத்தனர் என்ற செவிவழிச் செய்தி இன்றும் வழங்குகிறது.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்களையும் ஆள்வோர் விட்டுவைக்கவில்லை. 1786 இல், அப்போது ஸ்பானிய ஆட்சியிலிருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்தேபான் மிரோ, சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின, கலப்பினப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மூடிக் கட்டவேண்டுமென ஆணையிட்டார். வெள்ளைப் பெண்களுக்கு நிகராக அவர்கள் அலங்கரித்து நடமாடியது அதிகாரத்தின் கண்ணை உறுத்திற்று. நியூ ஓர்லியன்ஸ் நகரப் பெண்களோ அத்துணியையே பல வண்ணங்களில் எழிலுறக் கட்டி, இழிவுக்கென விதித்ததை அணிகலனாக்கினர்.

அடிமை முறை 1865 இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் ஆணைக்குப் பதிலாகப் பிழைப்பு அதே வேலையைச் செய்தது. வேலைதேடிச் சென்ற பெண்கள் சூடாக்கிய இரும்புச் சீப்பாலும் தலைத்தோலைச் சுடும் காரக் குழம்பாலும் தம் சுருள்மயிரை நேராக்கிக்கொண்டனர். 1960களில் எழுந்த ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கம் இந்நிலையை அசைத்தது. பின்னல்கள் மீண்டும் நகர வீதிகளில் தலைகாட்டின. ஆயினும் 1981 இல், அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் கறுப்பின ஊழியர் ஒருவர், தலையோடு ஒட்டிய வரிப்பின்னலைத் தடைசெய்த விதியை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, நியூயோர்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றது. பின்னல் எளிதில் மாற்றத்தக்கது, பிறப்போடு வந்ததன்று என்பது தீர்ப்பின் சாரம். 1979 இல் வெளியான திரைப்படமொன்றில் வெள்ளை நடிகை ஒருவர் இப்பின்னலைப் பிரபலமாக்கிய பின்னரே வழக்காளி அதனை அணிந்து வந்தார் எனவும் வாதிடப்பட்டது. வேலை நேரத்தில் பின்னலைக் கொண்டையாக முடிந்து, பொய்முடியால் மறைத்துக்கொள்ளலாமென நிறுவனம் ‘சலுகை’ காட்டிற்று. 1786 இன் துணிக்கும் இப்பொய்முடிக்கும் இடையே உள்ள உறவை வாசகர் எளிதில் உணர்வர்.

அணிபவருக்கு மாத்திரமன்றி, பின்னுபவருக்கும் தடை இருந்தது. கலிபோர்னியாவில் பின்னல் தொழில் செய்ய 1,600 மணிநேர அழகுக்கலைப் பயிற்சி வேண்டப்பட்டது. அதிற் பெரும்பகுதி, பின்னுவோர் ஒருபோதும் கையாளாத இரசாயனங்களையும் பிற வேலைகளையும் பற்றியது. இவ்விதியைப் பின்னுவோர்மீது சுமத்துவது அரசியலமைப்புக்கு முரணென 1999 இல் நீதிமன்றம் தீர்த்தது. வறிய பெண்கள் தம் கைத்திறனால் வாழ்வதற்கே வழக்காடவேண்டியிருந்தது. பின்னலிற் சேர்க்கப்படும் மனித மயிரின் கதையும் உழைப்பவரின் கதையிலிருந்து வேறானதன்று. திருப்பதியில் அடியார் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, உலகச் சந்தைக்குச் செல்கிறது. கொடுத்த பெண்ணுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. கடல்கடந்த ஒரு சகோதரியின் பின்னலில் தென்னிந்திய ஏழைப் பெண்ணொருத்தியின் கூந்தலும் கலந்திருக்கக்கூடும்.

2019 இல் கலிபோர்னியா, மயிரின் இயல்பையும் பின்னலையும் காரணமாகக் காட்டித் தொழிலிலும் பாடசாலையிலும் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் ‘கிரவுண்’ சட்டத்தை முதன்முதலாக இயற்றிற்று. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. நாடு முழுவதற்குமான மசோதாவோ 2022 இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனற் சபையைத் தாண்டவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் 2023 செப்டெம்பரில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும், ஒரு கறுப்பின மாணவன் தன் மயிரின் பொருட்டு மாதக்கணக்கில் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டான். சட்டம் நீளத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே பாடசாலை நீளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று 2024 பெப்ரவரியில் நீதிபதி தீர்ப்பளித்தார்.

ஆளுநரின் ஆணை, கம்பனியின் விதி, பாடசாலையின் ஒழுங்கு எனச் சொற்கள் மாறி வந்துள்ளன. ஒழுங்கு என்ற சொல்லை நாள்தோறும் கையாளும் ஆசிரியர்களாகிய நாம், அது யாருடைய வழக்கத்தை அளவுகோலாகக் கொண்டு வகுக்கப்பட்டது என்ற வினாவை ஒருமுறையேனும் எழுப்புதல் வேண்டும்.