தாசாரா: சீனக் கடனில் எழுந்த இருப்புப்பாதை

தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகத்தையும் சாம்பியாவின் காபிரி ம்போஷியையும் இணைக்கும் 1,860 கிலோமீட்டர் இருப்புப்பாதை 'தாசாரா' எனப்படுகிறது. 1970-களில் ஆப்பிரிக்காவில் சீன உதவியுடன் நடந்த மிகப் பெரிய திட்டம் இதுவே.

1964-இல் விடுதலை பெற்ற சாம்பியாவுக்குக் கடற்கரை இல்லை. அதன் முதன்மை ஏற்றுமதியான செம்பு, பெரும்பாலும் தெற்கே வெள்ளையர் ஆண்ட ரொடீசியா வழியாகவே கடலை எட்டியது. 1965 நவம்பரில் ரொடீசியாவின் சிறுபான்மை அரசு தன்னிச்சையாக விடுதலை அறிவித்ததும், அந்த வழியை நம்பியிருப்பது சாம்பியாவுக்கு ஆபத்தானது. தான்சானியா வழியாகப் புதிய பாதை அமைக்க தான்சானிய அதிபர் நியரேரேயும் சாம்பிய அதிபர் கவுண்டாவும் உதவி நாடினர். திட்டம் இலாபம் தராது என்று உலக வங்கி ஒதுங்கியது. மேற்கு நாடுகளும் பணம் தரவில்லை. சீனா முன்வந்தது. 1967 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மூன்று நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன.

சீனா அளித்தது 98.8 கோடி யுவான் வட்டியில்லாக் கடன். திருப்பிச் செலுத்த 30 ஆண்டுத் தவணை. கூலி முதலிய உள்நாட்டுச் செலவுகளுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. இரு நாடுகளும் சீனப் பொருள்களை இறக்குமதி செய்து கடைகளில் விற்று, அந்த வருவாயிலிருந்து செலவிட்டன. துணிமணியும் அன்றாடப் பொருள்களும் இப்படித்தான் பாதைக்கான பணமாயின.

1970-இல் வேலை தொடங்கியது. ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுடன் பல்லாயிரம் சீனர்களும் உழைத்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட சீனர்கள் உயிரிழந்தனர். ம்லிம்பாவுக்கும் மகம்பாகோவுக்கும் இடையிலான மலைப்பகுதியே மிகக் கடினம். சுரங்கங்களும் பாலங்களும் அங்கே அடுத்தடுத்து வந்தன. 1975-இல் தண்டவாளம் முழுவதும் இணைந்தது. 1976 ஜூலையில் பாதை இரு நாடுகளிடமும் ஒப்படைக்கப்பட்டது.

கட்டியதைவிட நடத்துவது கடினமாயிற்று. ஆண்டுக்கு 20 இலட்சம் டன் சரக்குக்குத் திட்டமிட்ட பாதை அந்த அளவை எட்டவேயில்லை. இழுவை எஞ்சின்கள் மலையேற்றத்தில் திணறின. துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. 1978-இல் சாம்பியா, மூடியிருந்த ரொடீசியா வழியான தெற்குப் பாதையை மீண்டும் திறந்தது. மறு ஆண்டு ரொடீசியப் படை சாம்பியாவிலுள்ள பாலங்களைத் தகர்த்தது. 1980-களில், முன்பு ஒதுங்கிய மேற்கு நாடுகளே எஞ்சின்களும் சீரமைப்பு நிதியும் வழங்கின. 1990-களில் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்ததும் தெற்குத் துறைமுகங்கள் தடையின்றித் திறந்தன. பாதை உருவானதற்கான அரசியல் காரணமும் மறைந்தது. ஆனாலும் பாதையைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு மூன்று நாடுகளும் 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன.