செப்பலின் நன்கொடை

1908இல் வான்கப்பல் கட்டுவதற்காக ஜெர்மானிய மக்கள் திரட்டித் தந்த நிதி. ஓய்வுபெற்ற குதிரைப்படைத் தளபதி ஃபெர்டினாண்ட் ஃபான் செப்பலின் 1898இல் தொடங்கிய நிறுவனத்தின் மூலதனம் 8 லட்சம் மார்க். அதில் பாதிக்கு மேல் அவருடைய சொந்தப் பணம். முதல் கப்பல் 1900இல் பறந்தும் நிதி வற்றி நிறுவனம் கலைந்தது. அடுத்த கப்பலுக்கு வூர்ட்டம்பெர்க் அரசர் அனுமதித்த லாட்டரி கைகொடுத்தது.

பின்னர் கட்டிய எல்.இசட். 4 என்ற வான்கப்பல் 24 மணி நேரம் பறந்து காட்டினால் வாங்கிக்கொள்வதாக அரசு சொல்லியிருந்தது. அந்த முயற்சியில், 1908 ஆகஸ்ட் 5 அன்று எக்டர்டிங்கனில் பழுதுபார்க்க இறங்கிய கப்பலைப் புயல்காற்று கட்டறுத்துத் தூக்கியது. அது எரிந்து போனது. விந்தை என்னவென்றால், வெற்றிகளுக்குக் கிடைக்காத பணம் இந்தத் தோல்விக்குக் குவிந்தது: 60 லட்சம் மார்க்குக்கும் அதிகம். அதைக்கொண்டே ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபெனில் கட்டுமான நிறுவனமும் செப்பலின் அறக்கட்டளையும் உருவாயின.