ஊமையான மோடமும் ஐந்து கடிதங்களும்



சென்ற மாதம் மனுகாவில் தமிழ்த் திருப்பலி முடிந்தபின், நம் பங்கின் பெரியவர் ஒருவர் துணிப்பையில் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ மூன்று கிலோ எடை; மின்கலம் செத்துப் பல ஆண்டுகள் ஆயின. “ஃபாதர், இதில் அம்மாவின் கடைசிக் கடிதங்கள் இருக்கின்றன. என் பேரப்பிள்ளைகள் படிக்கும்படி எடுத்துத்தர யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார். அன்று மாலை அவர் சொன்ன கதையும், அதன் பின்னணியை அறிய நான் தேடிக் கற்றதும் சேர்ந்து இந்தக் கட்டுரையாயின. சற்று நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2003ஆம் ஆண்டு. அப்போது மனுகாவ் தனி மாநகரம். ஆக்லாந்தோடு இணைந்தது 2010இல்தான். பெரியவரின் தாயார் தூத்துக்குடியில் நோயுற்றிருந்தார். காது அறவே கேளாமற்போனதால் தொலைபேசியில் பேச இயலாது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல, இளைய மகன் பிரவுசிங் சென்டருக்குச் சென்று தமிழில் தட்டச்சு செய்து மின்னஞ்சலாக அனுப்புவார். மூத்தவர் இங்கிருந்து எழுதும் பதிலை அச்செடுத்துச் சென்று, பெரிய எழுத்தில் தாளில் எழுதித் தாயாரிடம் காட்டுவார். தாய்க்கும் மகனுக்கும் இடையே எஞ்சியிருந்த ஒரே வழி அதுதான்.

இந்நிலையில் மடிக்கணினியை வைரஸ் தாக்கியது. நண்பர் ஒருவர் அனைத்தையும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவிக் கொடுத்தார். திரை ஒளிர்ந்தது, விசைப்பலகை இயங்கியது, ஆனால் உள்ளேயே பொருத்தப்பட்டிருந்த மோடத்தைக் கணினி அறியவில்லை. அதற்குரிய டிரைவர், அதாவது இயக்கி மென்பொருள், கணினியுடன் வந்த குறுந்தட்டில் இருந்தது. புலம்பெயர்ந்தபோது பெட்டியில் இடமில்லையென்று அந்தக் குறுந்தட்டை ஊரிலேயே விட்டு வந்திருந்தார். இயக்கியை இணையத்திலிருந்து பெறலாம். இணையத்திற்குச் செல்லவோ இயக்கி வேண்டும். இப்படி மூன்று வாரங்கள் கழிந்தன.

ஒரு சிறு மென்பொருள் இல்லாததால் நல்ல நிலையிலுள்ள கருவி ஊமையானது ஏன்? இதற்கு விடை மோடத்தின் வரலாற்றில் உள்ளது.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. கணினியின் எண்களை அந்தக் கம்பி தாங்கக்கூடிய ஒலியாக மாற்றுவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் வேலை. இணைப்பின்போது நாம் கேட்ட கீச்சொலி, இரு மோடங்கள் ஒன்றையொன்று சோதித்து, எந்த வேகத்தில் பேசலாமென்று உடன்பட்ட ஒலியே. 1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்தில் அதற்கெனத் தனிச் செயலி இருந்தது. ‘ஏ.டி.’ என்று தொடங்கும் கட்டளைகளைக் கணினி அனுப்பினால் போதும். மற்றதை மோடமே பார்த்துக்கொள்ளும். பிற நிறுவனங்களும் அக்கட்டளைகளையே பின்பற்றியதால், எந்தக் கணினியும் எந்த மோடத்துடனும் பேச முடிந்தது.

1990களின் பிற்பகுதியில் இந்த ஏற்பாடு மாறியது. கணினிகளின் முதன்மைச் செயலிகள் மிகுந்த ஆற்றல் பெற்றன. மோடத்தின் கணக்கு வேலையை அவற்றிடமே ஒப்படைத்தால், மோடத்தில் தனிச் செயலியும் நினைவகமும் தேவையில்லை. விலை குறையும், இடமும் மிஞ்சும். மடிக்கணினி செய்வோருக்கு இது பெரும் வசதி. இத்தகைய மோடங்களை மக்கள் பொதுவாக ‘வின்மோடம்’ என்றனர். இவற்றுள் மிக எளிய வகையில், கம்பியோடு பாதுகாப்பாக இணையும் ஒரு சுற்றும், ஒலியையும் எண்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் கோடெக் என்னும் சில்லும் மட்டுமே எஞ்சின. 1998இல் வகுக்கப்பட்ட வி.90 நெறிப்படி நொடிக்கு 56 கிலோபிட் வரை செல்லும் கணக்கு முழுவதும் இயக்கி மென்பொருளுக்குள் சென்றுவிட்டது. அத்தகைய மோடத்திற்குக் காதும் வாயும் உண்டு. மொழி மட்டும் இயக்கியில் இருந்தது. இயக்கியை இழந்தபோது பெரியவரின் மோடம் மொழியையே இழந்தது.

அம்மொழியைப் பெரும்பாலான நிறுவனங்கள் இரகசியமாகவே வைத்திருந்தன. விண்டோஸ் 98க்கு எழுதப்பட்ட இயக்கி பல வேளைகளில் அதற்குப்பின் வந்த எக்ஸ்.பி.யில் இயங்கவில்லை. நிறுவனங்களும் நிலையாக இருக்கவில்லை. ராக்வெல்லின் சில்லுப் பிரிவு 1999இல் கோனெக்ஸண்ட் ஆயிற்று. லூசென்டின் பிரிவு ஏகெர் ஆகி, 2007இல் எல்.எஸ்.ஐ.யுடன் கலந்தது. பி.சி.டெல் 2003இல் தன் மோடம் தொழிலையே கோனெக்ஸண்டுக்கு விற்றது. பெயர் மாறும்போது இணையத்தளமும் மாறும். பழைய இயக்கிகளைத் தேடி வருவோர் வெறுங்கையோடு திரும்புவர்.

லினக்ஸ் பயன்படுத்தியோரின் நிலை இன்னும் கடினம். பெரும்பாலான நிறுவனங்கள் அவர்களுக்கென இயக்கி எழுதவில்லை. ஆகவே ‘லின்மோடம்ஸ்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஒன்றுகூடி, எந்த மோடத்தில் எந்தச் சில்லு உள்ளது, எதற்கு வழியுண்டு, எதற்கு இல்லை என்று பட்டியலிட்டனர். மோடத்தை அடையாளம் காண ‘ஸ்கேன்மோடம்’ என்ற சிறு நிரலையும் எழுதினர். ஊதியமின்றி, முகமறியாத ஒருவரின் மடிக்கணினி பேசவேண்டும் என்பதற்காக அவர்கள் செலவிட்ட இரவுகளை நான் மதிப்புடன் எண்ணிப்பார்க்கிறேன்.

இனி நம் நாட்டுக்குரிய சிக்கல்களைப் பார்ப்போம். நியூசிலாந்தின் முதல் இணைய இணைப்பு 1989இல் வைக்காட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து ஹவாய்க்கு அமைந்தது. பசிபிக்கைக் கடக்கும் சதர்ன் கிராஸ் கடலடிக் கம்பி 2000இல் செயற்பாட்டுக்கு வந்தது. ஆயினும் வீட்டிலிருந்து அந்தப் பெருவழியை அடையப் பெரும்பாலோருக்கு இருந்தது தொலைபேசிக் கம்பியே. வீட்டுத் தொலைபேசியில் உள்ளூர் அழைப்பு இலவசம் என்பது குடியேறிய குடும்பங்களுக்குப் பேருதவியாக இருந்தது.

ஆனால் வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினி அந்நாட்களில் இங்கே எளிதில் இணையவில்லை. இங்குள்ள தொலைபேசிச் செருகி பிரிட்டிஷ் வகை. மடிக்கணினியிலோ சிறிய அமெரிக்க வகை இருந்தது. ஆகவே இணைப்பான் ஒன்று வேண்டியிருந்தது. அக்காலத்தில் டெலிகாம் வலையமைப்புடன் இணைக்கும் கருவிகளுக்கு ‘டெலிபெர்மிட்’ என்னும் ஒப்புதல் முத்திரையும் இருக்கவேண்டும். மேலும், இயக்கியில் நாட்டின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிவாங்கியை எடுத்ததும் கேட்கும் டயல் ஒலி நாட்டுக்கு நாடு வேறுபடும்; தவறான நாட்டைத் தேர்ந்தால் மோடம் அவ்வொலியை அறியாமல் காத்துக்கொண்டே இருக்கும்.

இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. நியூசிலாந்தின் பழைய சுழல்வட்டுத் தொலைபேசிகளில் எண்கள் தலைகீழாக இருந்தன. இங்கே 1ஐச் சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் செல்லும். பிரிட்டனின் அவசர எண் 999, இங்கே 111. இரண்டிலும் கம்பியில் செல்லும் துடிப்புகள் ஒன்றே. ஆகவே துடிப்பு முறையில் அழைக்கும் மோடத்திற்கு இந்நாட்டின் தலைகீழ்க் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். புதிய நாட்டில் பேசவேண்டுமானால் அந்நாட்டின் வழக்கத்தை முதலில் கற்கவேண்டும் என்பது குடியேறிய நமக்குப் புதிய பாடமன்று.

அந்நாட்களில் நம் திருச்சபையும் இதே வழியில் ஓர் அடி எடுத்துவைத்தது. 1998இல் உரோமையில் ஓசியானியா ஆயர்களின் சிறப்பு மாமன்றம் கூடியது. அதன் நிறைவு மடலை வெளியிட இப்பகுதிக்கு வரவே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விரும்பினார், அது கைகூடவில்லை. 2001 நவம்பர் 22 அன்று, வத்திக்கானின் கிளமெந்தினா மண்டபத்தில், முதுமையால் தளர்ந்திருந்த அவர் ஒரு மடிக்கணினியின் விசையை அழுத்தி, ‘ஓசியானியாவில் திருச்சபை’ என்னும் அம்மடலை மின்னஞ்சல் வழியே இப்பகுதி மறைமாவட்டங்களுக்கு அனுப்பினார். திருத்தந்தையின் மடல் ஒன்று இவ்வாறு இணையவழி அனுப்பப்பட்டது அதுவே முதன்முறை. தாம் வர இயலாத இடத்திற்குத் தம் சொல்லை அனுப்பினார். தூத்துக்குடித் தாயாரும் அதையே செய்தார்.

அவர் கதைக்குத் திரும்புவோம். பெரியவர் மனுகாவ் நூலகத்திற்குச் சென்று, அங்கிருந்த கணினியில் இயக்கியைத் தேடினார். கணினியின் உறுப்பு ஒவ்வொன்றும் தன் தயாரிப்பாளருக்குரிய எண்ணொன்றைத் தாங்கியிருக்கும். லூசென்டுக்கு 11சி1, கோனெக்ஸண்டுக்கு 14எஃப்1 என்பதுபோல. தம் மோடத்தின் எண்ணைத் தாளில் குறித்துச் சென்ற அவர், அந்த எண்ணுக்குரிய பெரிய நிறுவனத்தின் இயக்கியைப் பிளாப்பியில் எடுத்து வந்து நிறுவினார். பலனில்லை. வேறொன்றை நிறுவினார், அதுவும் வீண். இரண்டாம் வாரமும் முடிந்தது.

அவரறியாத நுட்பம் ஒன்று இதில் இருந்தது. ஏ.சி.97 என்னும் முறையில் அமைந்த மடிக்கணினிகளில், வெளியே தெரியும் எண் தாய்ப்பலகையிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லுக்குரியது. மோடத்தின் உண்மையான கோடெக் அதற்குப் பின்னால், வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். இயக்கியோ அந்தப் பின்னாலுள்ள சில்லுக்கு ஏற்றதாக அமையவேண்டும். வாசற்கதவில் வீட்டு உரிமையாளரின் பெயர் இருக்க, உள்ளே குடியிருப்பவர் வேறொருவராக இருப்பதுபோல.

நம் பங்கிலிருந்த பொறியியல் மாணவர் ஒருவர் இதை அறிந்திருந்தார். மூன்றாம் ஞாயிறன்று அவர் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியின் அடிப்பாகத்தைத் திறந்து, தீப்பெட்டி அளவிலான மோடம் அட்டையைக் கழற்றி, அதிலிருந்த சில்லின் பெயரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வாசித்தார். மறுநாள் நூலகத்தில் அப்பெயருக்குரிய இயக்கி கிடைத்தது, 1.44 மெகாபைட் பிளாப்பி ஒன்றில் அடங்கியது. நிறுவியபின்னும் மோடம் டயல் ஒலியை அறியாமல் நின்றது. நாட்டின் பட்டியலில் நியூசிலாந்தைத் தேர்ந்ததும், அந்தப் பழைய கீச்சொலி அறையெங்கும் எழுந்தது. “அந்த இரைச்சலைக் கேட்டு நான் அழுதேன், ஃபாதர்” என்றார் பெரியவர்.

காத்திருந்த ஐந்து கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலாவதில் மழை உண்டா, பிள்ளைகளுக்குக் கம்பளி இருக்கிறதா என்ற விசாரிப்பு. ஐந்தாவது மிகச் சிறியது: மகனே, உன் பதில் வரவில்லை, என்மேல் வருத்தமா என்று மட்டும். அவர் அன்றிரவே பதில் எழுதினார். தம்பி அதைத் தாயாரிடம் காட்டினார். பதினொரு நாள் கழித்துத் தாயார் இறைவனடி சேர்ந்தார்.

சென்ற மாதம் அக்கடிதங்களைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, அதே சிக்கல் வேறு உருவில் வந்தது. திரையில் தமிழ் தோன்றவில்லை. புள்ளியும் கோடும் ஏறிய உரோமன் எழுத்துகளே தோன்றின. அக்கடிதங்கள் டி.எஸ்.சி.ஐ.ஐ. என்னும் குறியீட்டில் எழுதப்பட்டவை. யூனிகோடு பரவுமுன், 1990களின் இறுதியில், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துபேசி அமைத்த குறியீடு அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களை நெடுங்காலம் அதிலேயே வெளியிட்டது. குறியீடு இன்னதென்று தெரிந்தபின், மாற்றி நிரலொன்று நொடிப்பொழுதில் அக்கடிதங்களை யூனிகோடாக்கியது. பேரப்பிள்ளைகளுள் மூத்தவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். இளையவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அக்காள் வாசிக்க அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்பர்களே, இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990களிலும் 2000களிலும் நாம் ஊருக்கு எழுதியதும் ஊரிலிருந்து வந்ததும் நம் குடியேற்றத்தின் வரலாறு. அவை தாளில் இல்லை. பரணிலும் அலமாரியிலும் கிடக்கும் பழைய மடிக்கணினிகளிலும் பிளாப்பிகளிலும் உள்ளன. காந்தத் தகடுகள் ஆண்டுதோறும் பழுதாகின்றன; அவற்றைப் படிக்கும் கருவிகளும் மறைகின்றன. யாருடைய வீட்டிலேனும் அத்தகையவை இருந்தால், குப்பையில் இடுமுன் என்னிடம் சொல்லுங்கள். அன்று அடிப்பாகத்தைத் திறந்த அந்த மாணவர், இன்று மூன்று பிள்ளைகளின் தந்தை, உதவ முன்வந்திருக்கிறார். கடிதங்களை எவரும் வாசிக்கமாட்டார். எடுத்து உங்களிடமே ஒப்படைப்போம்.

கூடவே மற்றொன்றும் வேண்டுகிறேன். கடிதங்களை நாம் மீட்டுத் தரலாம். அவற்றை வாசிக்கும் தமிழை உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் நீங்களே தரவேண்டும். அந்த இளையவன் இப்போது சனிக்கிழமைதோறும் தாத்தாவிடம் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதிப் பழகுகிறான். ஐந்தாம் கடிதத்தைத் தானே வாசிக்கவேண்டுமாம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.