கருந்துளைக்குள்ள போனா நரகமா? 'ஈவென்ட் ஹொரைசன்' படம் காட்டியதும் இயற்பியல் சொல்வதும்

ஏழு வருஷமா காணாமல் போன ஒரு விண்கலம், 2047-ல் நெப்டியூன் பக்கத்தில் திடீரெனத் தென்படுகிறது. உள்ளே உயிரோடு யாரும் இல்லை. தேடிப்போன மீட்புக் குழுவுக்கும் ஒவ்வொருவராகப் புத்தி பேதலிக்கிறது. 1997-ல் பால் டபிள்யூ.எஸ். ஆண்டர்சன் இயக்கிய 'ஈவென்ட் ஹொரைசன்' படத்தின் கதை இது. தியேட்டரில் ஓடவில்லை. டிவிடி வந்த பிறகுதான் ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

அந்தக் கப்பலின் எஞ்சினே ஒரு செயற்கைக் கருந்துளைதான். அதை இயக்கியதும் கப்பல் நரகம் போன்ற வேறொரு உலகத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. இதில் எவ்வளவு உண்மை?

முதல் சிக்கல் எஞ்சின்

பூமியை அப்படியே நசுக்கிக் கருந்துளை ஆக்கினால் அதன் ஆரம் சுமார் 9 மில்லிமீட்டர்தான், கோலிக்குண்டு சைஸ். அப்படியென்றால் கப்பலுக்குள் ஒரு கோலிக்குண்டு கருந்துளையை வைத்தாலே, பூமி மொத்தத்தின் நிறையும் அந்த அறைக்குள் இருக்கும். பக்கத்தில் நின்று மீட்டர் பார்த்துக் குறிப்பு எழுதும் என்ஜினியர் ஒரு நொடிகூடத் தாங்கமாட்டார். பேய் வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை!

இன்னொன்று, தாளை மடித்து, துளை போட்டு, இரண்டு இடத்தை ஒன்றாக்கலாம் என்று படத்தில் விளக்குவார்களே, அது கருந்துளை அல்ல, புழுத்துளை. 1935-ல் ஐன்ஸ்டீனும் ரோசனும் எழுதிய கட்டுரையில் அதற்கான கணக்கு இருக்கிறது. ஆனால் இதுவரை யாரும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

எல்லாத்தையும் உறிஞ்சிடுமா?

இல்லை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி இப்போது சுற்றுவது போலவே சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டும் குளிரும்தான் நம்மைக் கொல்லும்.

அப்போ பயமே இல்லையா? இருக்கு. படம் காட்டுவதைவிட மோசமாகவே இருக்கு.

சூரியனைப் போலச் சில மடங்கு நிறையுள்ள சிறிய கருந்துளை என்றால், காலை இழுக்கும் விசைக்கும் தலையை இழுக்கும் விசைக்கும் உள்ள வித்தியாசத்திலேயே உடம்பு நூடுல்ஸ் மாதிரி நீண்டு கிழிந்துவிடும். எல்லையைத் தொடும் முன்பே கதை முடிந்தது.

பெரிய கருந்துளையில்தான் விஷயம் வேறு. 2019 ஏப்ரலில் முதன்முதலாகப் படம் வெளியானதே, அந்த எம்87 கருந்துளையை எடுத்துக்கொள்வோம். 650 கோடி சூரியன்களின் நிறை. புளூட்டோவின் சுற்றுப்பாதையே உள்ளே அடங்கிவிடும். அதன் எல்லையை, அதாவது படத்தின் பெயரில் இருக்கும் அந்த 'நிகழ்வெல்லை'யை, ஒருவர் தாண்டும்போது உடம்புக்கு எதுவுமே ஆகாது. சுவர் இல்லை, கதவு இல்லை, தாண்டியதே தெரியாமல் போகலாம்.

ஆனால் அதன் பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி மையத்துக்குத்தான். நாளைக்கு நாம் போகாமல் இருக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி. சுழலாத கருந்துளை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அவருக்கு மிச்சமிருப்பது அதிகபட்சம் 28 மணி நேரம். எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது.

வெளியே இருந்து பார்க்கும் நண்பர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு இவர் மெதுவாகி, மெதுவாகி, எல்லையருகே உறைந்ததுபோல் நின்று, சிவந்து மங்கி மறைவார். உள்ளே விழுந்த காட்சியை அவர்கள் பார்க்கவே முடியாது. காப்பாற்றச் சொல்லி உள்ளேயிருந்து அனுப்பும் சிக்னலும் வெளியே வராது.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) இந்த நேர விளையாட்டைத் தொட்டது. அந்தக் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு வருஷம். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த கிப் தோர்ன் 2017-ல் நோபல் பரிசு வாங்கினார். அதிலும் கடைசியில் ஹீரோ திரும்பி வந்துவிடுகிறார் என்பது தனிக்கதை.

நமக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்கா என்று கேட்டால், இப்போதைக்குத் தெரிந்த வரை மிக அருகில் இருப்பது 2022-ல் கண்டுபிடிக்கப்பட்ட கையா பிஎச்1. தூரம் சுமார் 1,560 ஒளியாண்டு.