காலேஜ் ஸ்ட்ரீட்டின் உடலியங்கியல் துறை

கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரி என்றால் லேக் மார்க்கெட்டுத் தமிழர்களும் ஜகதீச சந்திர போஸையும் பிரபுல்ல சந்திர ராயையும்தான் சொல்வார்கள். அதே வளாகத்தில் 1900இல் உடலியங்கியலுக்கு வித்திட்ட சுபோத் சந்திர மஹலனோபிஸை நினைப்பவர் குறைவு. எடின்பரோவில் படித்து, கார்டிஃபில் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியவர். புள்ளியியல் மேதை பி.சி. மஹலனோபிஸுக்குப் பெரியப்பா.

வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்கான பாடமாக இருந்ததை, பௌதிகம்போலத் தனி அறிவியலாகப் பட்டப்படிப்பில் வைத்தாரே, அதுதான் பெரிய காரியம். 1934இல் இந்திய உடலியங்கியல் சங்கம் இந்த நகரத்தில்தான் உருவானது. மறு ஆண்டு தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இன்று ஜாதவ்பூரில் இந்திய வேதி உயிரியல் நிலையமாக இருக்கிறது.

இத்துறையின் மாணவர்களில் தனித்து நிற்பவர் சுபாஷ் முகோபாத்யாய். இங்கே உடலியங்கியல் பட்டம், பிறகு எம்.பி.பி.எஸ்., 1958இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியங்கியலில் முனைவர் பட்டம், 1967இல் எடின்பரோவில் ஹார்மோன் ஆய்வுக்காக இன்னொன்று. 1978 அக்டோபர் 3 அன்று, உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த 70 நாட்களில், அவர் முயற்சியில் சோதனைக் குழாய்க் குழந்தையாகத் துர்கா பிறந்தாள். அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. ஹார்மோன் நிபுணரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். இதைவிடப் பொருத்தமில்லாத உத்தரவை நினைத்துப் பார்ப்பதே கடினம். 1981 ஜூன் 19 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு உரிய இடத்தை 1997இல் எழுதி வாங்கிக்கொடுத்தவர் டி.சி. ஆனந்த குமார். அதுவரை நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தைக்கான பெருமை ஆனந்த குமாரின் குழுவுக்கே இருந்தது. தன் கணக்கிலிருந்த பெருமையை இப்படி எடுத்துக் கொடுப்பவர் அபூர்வம்.

முகோபாத்யாய் இருந்திருந்தால் 1993இல் அவருக்கு வயது 62. அந்த ஆண்டுதான் அவர் துறையில் ஒரு பழைய எல்லைக்கோடு அழிந்தது. விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களை 1850இல் பிரான்ஸ் லேடிக் விவரித்தார். பிட்யூட்டரியிலிருந்து எல்.ஹெச். என்ற ஹார்மோன் வரும், இவை சுரக்கும் என்பதே பாடம். ஹாம்பர்கில் டேவிடாஃபும் ஷுல்ட்ஸேயும் சகாக்களும் மனித லேடிக் செல்களை ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட பொருள்களை அவற்றில் கண்டார்கள். கேட்டகோலமைன் நரம்புக் கடத்திகளைத் தயாரிக்கும் நொதிகளும் அவற்றில் உண்டு. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் குமாஸ்தா என்று நினைத்த செல், பக்கத்துச் செல்களோடும் ரத்தக் குழாய்களோடும் தானே நேரடியாகப் பேசக்கூடும் என்றானது. லேடிக் செல் நரம்புசார் நாளமில்லாச் சுரப்பி அமைப்பில் சேர்க்கப்பட்டது. இப்படி நோயாளியோ மருந்துச்சீட்டோ இல்லாத கேள்வியைக் கேட்பதற்காகத்தான் மஹலனோபிஸ் தனித்துறை கேட்டிருக்க வேண்டும்.

2010இல் பிரசிடென்சி பல்கலைக்கழகமானது. பின்னர் தாவரவியல், விலங்கியலோடு உடலியங்கியலும் உயிர் அறிவியல் துறைக்குள் கலந்தது. நரம்பின் வேலையும் சுரப்பியின் வேலையும் ஒரே செல்லில் நடக்கும்போது துறைச்சுவர் எதற்கு என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் பலகை போனதும் ஆவணங்களும் போய்விடும் என்பது நம் நாட்டு அனுபவம். அங்கே படித்தவர்கள் வீட்டுப் பரணில் பழைய செய்முறை நோட்டோ வகுப்புப் புகைப்படமோ இருந்தால், எடைக்குப் போடாமல் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.